கத்தரிக்காய் மேல் பழி போடலாமா?

எங்கள் காரைக்குடிப் பக்கத்தில் கைக்குழந்தைக்குக் கன்னத்தில் சொரசொரப்புத் தட்டினால் போதும், "கரப்பான் வந்திருக்கு, பெத்தவ வாயைக் கட்டு" என்று நாலு பேர் சொல்லிவிடுவார்கள். கத்தரிக்காய், கருவாடு, முட்டை, வாழைக்காய், நிலக்கடலை என்று 'கரப்பான் பண்டம்' பட்டியல் நீளும். இட்லிக்குக் கத்தரிக்காய் கோசமல்லி செய்கிற ஊரில் இதைக் கடைப்பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று நீங்களே யோசியுங்கள்!

இரண்டு வருஷத்துக்கு முன் என் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பேரனுக்கு நாலாம் மாதம் இரண்டு கன்னமும் சிவந்து, நீர் கசிந்து, பக்குக் கட்டியது. ராத்திரியெல்லாம் என் தோளில் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்து அழுவான். என் மாமியார் சொன்னபடி மகளுக்குப் பத்தியம் ஆரம்பித்தோம். பால், முட்டை, மீன் எதுவும் கிடையாது. ரசம் சாதமும் சுட்ட அப்பளமும்தான். இப்படி ஐந்து வாரம். பேரன் கன்னம் அப்படியே இருந்தது. மகள்தான் பாதியாய் இளைத்துப்போனாள். எழுந்து நின்றால் தலைசுற்றல். மாமியாரைக் குறை சொல்லி என்ன செய்ய? சமைத்துப் போட்டவள் நான்தானே!

கடைசியில் மதுரையில் ஒரு தோல் டாக்டரிடம் போனோம். "ஏம்மா, தாயைப் பட்டினி போட்டாப் பிள்ளை தோல் ஆறுமா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

அவர் சொன்னது இதுதான். எக்ஸிமா பெரும்பாலும் தோலில் ஆரம்பிக்கிறது, வயிற்றில் அல்ல. தோலைக் கெட்டியாக வைத்திருக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதம் சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. இதை 2006-ல்தான் கண்டுபிடித்தார்கள். சுவரில் பூச்சு உதிர்ந்தால் ஈரம் இறங்குவதுபோல, அந்தத் தோலில் ஈரம் வெளியேறி, தூசியும் சோப்பும் உள்ளே போய் அரிப்பைக் கிளப்பிவிடுகின்றன.

அப்படியானால் சாப்பாட்டுக்குச் சம்பந்தமே இல்லையா? உண்டு, ஆனால் எல்லாருக்கும் இல்லை. எக்ஸிமா கடுமையாக உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஏதோ ஒரு உணவு ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். பசும்பால், முட்டை, கோதுமை, நிலக்கடலைதான் முக்கியமானவை. சாப்பிட்ட சில நிமிஷத்திலோ இரண்டு மணி நேரத்துக்குள்ளோ உதடு வீங்கினால், உடம்பில் தடிப்பு எழும்பினால், வாந்தி எடுத்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். மூச்சு இரைத்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்துக்கொண்டு நாமாக எதையும் நிறுத்தக்கூடாது. டாக்டர் சொல்லி, ஒரே ஒரு பொருளைச் சில வாரம் நிறுத்தி, அவர் மேற்பார்வையிலேயே திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

நம் கத்தரிக்காயைப் பற்றியும் மைசூரில் 741 பேரிடம் ஆராய்ந்து 2008-ல் வெளியிட்டிருக்கிறார்கள். ஒவ்வாமை என்று உறுதியானவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை!

இன்னொரு செய்தி என்னை அசரவைத்தது. லண்டனில் கடும் எக்ஸிமாவோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகளை ஆராய்ந்து 2015-ல் வெளியிட்டார்கள். ஒரு வயதுக்குள்ளேயே நிலக்கடலை கொடுக்கத் தொடங்கிய பிள்ளைகளுக்கு, ஒதுக்கிவைத்த பிள்ளைகளைவிட ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை சுமார் 80 சதவீதம் குறைவாம். இதைப் படித்துவிட்டு யாரும் உடனே கடலையை ஊட்டிவிடாதீர்கள். எக்ஸிமா கடுமையாக உள்ள பிள்ளைக்கு டாக்டரைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். முழுக்கடலை தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

மகளுக்கு அன்றைக்கே பழையபடி சாப்பாடு போட்டேன். பேரனுக்கு மஞ்சள், கடலைமாவு தேய்ப்பதை விட்டோம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்தே நிமிஷக் குளியல்; துண்டால் ஒற்றி, ஈரம் காயுமுன் டாக்டர் தந்த களிம்பு; நூல் சட்டை; ஒட்ட வெட்டிய நகம். மூன்று வாரத்தில் கன்னம் தெளிந்தது.

இப்போதும் பங்குனி வெயிலில் முழங்கை மடிப்பில் தலைகாட்டுகிறது. களிம்பு தடவுகிறோம், அடங்கிவிடுகிறது. இட்லியைக் கோசமல்லியில் தோய்த்து அவனே எடுத்துச் சாப்பிடுகிறான். மாமியார் மட்டும் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.