லினக்சில் விண்டோஸ் கேம் எப்படி ஓடுகிறது?

போன மாதம் நண்பர் ஒருவர் தன் கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். எட்டு வருஷப் பழசு, ஆனால் நல்ல மெஷின். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் புராசசர் பட்டியலில் அவருடையது இல்லை. "லினக்ஸ் போட்டுக் குடுப்பா. ஆனா கேம் எல்லாம் போயிடும்னா சொல்லிடு, பையன் என்னை வீட்டுக்குள்ள விடமாட்டான்" என்றார்.

பத்து வருஷம் முன்னால் கேட்டிருந்தால் "போயிடும்" என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பேன். இப்போது பதில் அவ்வளவு எளிது இல்லை. அன்று அவருக்கு விளக்கியதையும் அதற்கப்புறம் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளிவைப்போம். விண்டோஸ் கேம் லினக்சில் ஓடுகிறது என்றால் உள்ளே ஒரு போலி விண்டோஸ் கணினி ஓடுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு எக்ஸி ஃபைலைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பதில் பெரும்பகுதி புராசசருக்கான கட்டளைகள்தான். கூட்டு, ஒப்பிடு, அங்கே தாவு என்கிற மாதிரி. இன்டெல், ஏஎம்டி புராசசருக்கு மேலே இருப்பது விண்டோசா லினக்சா என்று தெரியவே தெரியாது. சிக்கல் வருவது அந்தப் புரோகிராம் வெளியே கை நீட்டும்போது மட்டும்தான். ஃபைலைத் திற, விண்டோ ஒன்று வரை, சத்தம் எழுப்பு என்று கேட்கிறதே, அங்கே.

சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். பழகிய கை அஞ்சறைப்பெட்டியைப் பார்க்காமலே கடுகை எடுக்கும். வேறு வீட்டுக்குப் போய்ச் சமைத்தாலும், கடுகு இருக்கும் கிண்ணத்தில் கடுகு இருந்தால் போதும், அடுப்பும் கூரையும் யாருடையது என்பது பொருட்டில்லை. வைன் என்கிற மென்பொருள் செய்வது இதைத்தான். விண்டோசில் கெர்னல்32 டிஎல்எல் என்று ஒரு லைப்ரரி உண்டு, ஃபைல் திறக்கச் சொன்னால் திறந்து கொடுப்பது அதுதான். வைன் அதே பெயரில், அதே ஃபங்ஷன்களோடு தானே ஒரு டிஎல்எல் எழுதி வைத்திருக்கிறது. கேம் வழக்கம்போலக் கேட்கிறது, வைன் அதை லினக்ஸ் கெர்னலிடம் கேட்டு வாங்கித் தருகிறது. 'வைன் ஒரு எமுலேட்டர் அல்ல' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் அந்தப் பெயரே.

1993ல் தொடங்கிய திட்டம் இது. 1994 முதல் அலெக்சாந்த்ர் ஜூலியார் தலைமையில் நடக்கிறது. 1.0 பதிப்பு வந்தது 2008 ஜூனில்! பதினைந்து வருஷம் ஏன் பிடித்தது? கிண்ணங்களின் பட்டியல் நீளம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஆவணத்தில் எழுதாத பழக்கவழக்கங்களும் சேர்த்துப் பொருந்த வேண்டும். ஜோயல் ஸ்போல்ஸ்கி எழுதிய கதை ஒன்று பலருக்கும் தெரிந்திருக்கும். பழைய சிம்சிட்டி, விடுவித்துவிட்ட மெமரியையே மறுபடி படிக்கும். தப்புதான், ஆனால் விண்டோஸ் 3ல் அது சிக்கலில்லாமல் ஓடியது. விண்டோஸ் 95 எழுதியவர்கள், ஓடுவது சிம்சிட்டி என்று தெரிந்தால் மெமரியை உடனே விடுவிக்காமல் வைத்திருக்கும்படி தனியாக நிரல் சேர்த்தார்களாம். மைக்ரோசாஃப்ட் மேல் எனக்கு ஆயிரம் புகார் உண்டு, ஆனால் இந்த விஷயத்தில் அவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது. பழைய புரோகிராம் ஓட வேண்டும் என்பதை அவர்கள் ஒரு வாக்குறுதியாகவே வைத்திருந்தார்கள்.

லினக்சிலும் ஒரு வாக்குறுதி உண்டு, ஆனால் அது வேறு இடத்தில் இருக்கிறது. கெர்னலில் என்ன மாற்றம் செய்தாலும் ஏற்கனவே ஓடிய புரோகிராம் உடையக் கூடாது என்பதில் லினஸ் டோர்வால்ட்ஸ் படு கறார். சிஸ்டம் கால் எண்கள் மாறவே மாறாது. மாறுவதெல்லாம் அதற்கு மேல் அடுக்கில் இருக்கிற லைப்ரரிகள். விண்டோசில் தலைகீழ். அங்கே கெர்னலின் சிஸ்டம் கால் எண்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும், மேலே இருக்கும் டிஎல்எல்கள் வாக்கு மாறாது.

வைன் இந்த இரண்டு வாக்குறுதிகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. மேலே பார்த்தால் விண்டோசின் மாறாத முகம், கீழே பார்த்தால் லினக்சின் மாறாத முகம். லினக்சுக்கென்றே எழுதிய கேம்களுக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை, கொஞ்சம் வருத்தமும்.

லோக்கி சாஃப்ட்வேர் என்று ஒரு அமெரிக்க நிறுவனம் இருந்தது. 1998ல் தொடங்கி, மற்றவர்களுடைய விண்டோஸ் கேம்களை வாங்கி லினக்சுக்கு மாற்றி விற்றார்கள். 1999ல் சிவிலைசேஷன்: கால் டு பவர் வந்தது. பிறகு ரெயில்ரோடு டைகூன் 2, ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3, சிம்சிட்டி 3000 என்று வரிசையாக. வாங்க ஆள் போதவில்லை, 2002 ஜனவரியில் கடையை மூடினார்கள். அவர்கள் விற்ற அந்த லினக்ஸ் பைனரிகளை இன்றைய டிஸ்ட்ரோவில் அப்படியே போட்டால் ஓடுவது கடினம். அவை நம்பியிருந்த லைப்ரரிகள் மாறிவிட்டன, அன்றைய சவுண்ட் அமைப்பே இன்றில்லை. ரசிகர்கள் பழைய லைப்ரரிகளைத் தேடிச் சேர்த்து வைத்து ஓட்டுகிறார்கள். அதே காலத்து விண்டோஸ் கேம்களில் பல வைனில் இரண்டு கிளிக்கில் ஓடுகின்றன. லினக்சில் நிலையான ஒரே பைனரி இடைமுகம் விண்டோசுடையதுதான் என்று புரோகிராமர்கள் கிண்டலடிப்பது இதனால்தான்.

பழைய கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2022 ஆகஸ்டில் ஜிலிப்சி 2.36 வந்தபோது, டிடி-ஹாஷ் என்கிற பழைய அட்டவணையை லைப்ரரியில் சேர்க்காமல் விட்டார்கள். புது வகை அட்டவணை பல வருஷமாக இருக்கிறதே என்பது அவர்கள் நியாயம். ஈசி ஆன்டி-சீட் அந்தப் பழையதைத்தான் தேடிக்கொண்டிருந்தது. கேம்கள் நின்றன. சில டிஸ்ட்ரோக்கள் அதைத் திரும்பச் சேர்த்துச் சமாளித்தன. லைப்ரரி எழுதியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கட்டற்ற மென்பொருள் உலகில் மூலநிரல் கையில் இருக்கும், திரும்பக் கம்பைல் செய்துகொள்ளலாம் என்கிற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. கேம் அப்படி வருவதில்லை. எழுதிய நிறுவனம் கலைந்துபோன பிறகும் அதே பைனரி ஓட வேண்டும்.

வால்வ் நிறுவனம் இதைப் புரிந்துகொள்ளச் சில வருஷம் ஆனது. 2013ல் ஸ்டீமை லினக்சுக்குக் கொண்டுவந்து, தனித்தனியாக லினக்ஸ் பதிப்பு எழுதுங்கள் என்று கேம் நிறுவனங்களைக் கேட்டார்கள். 2015ல் ஸ்டீம் மெஷின் வந்தது, எடுபடவில்லை. பிறகுதான் பாதையை மாற்றினார்கள். அதற்கு வழி திறந்தது கிராஃபிக்ஸ் பக்கம் நடந்த ஒரு வேலை.

விண்டோஸ் கேம் படம் வரைய டைரக்ட்3டியிடம் கேட்கும். வைன் அதை ஓபன்ஜிஎல்லுக்கு மாற்றிக்கொண்டிருந்தது. இரண்டின் சிந்தனைப் போக்கே வேறு என்பதால் வேகம் அடிவாங்கும். 2016ல் வல்கன் வந்தது. கிராஃபிக்ஸ் கார்டுக்கு மிக நெருக்கமாக உட்கார்ந்து, எல்லாவற்றையும் நீயே பார்த்துக்கொள் என்று விட்டுவிடும் இடைமுகம் அது. நேரடியாக எழுதுவது பெரும்பாடு, ஆனால் வேறொன்றை மொழிபெயர்த்து மேலே வைக்க மிகப் பொருத்தம். பிலிப் ரெபோலே என்கிற ஜெர்மன் புரோகிராமருக்கு நியர்: ஆட்டோமேட்டா கேமை லினக்சில் ஆட வேண்டும். அதற்காக டைரக்ட்3டி 11ஐ வல்கனுக்கு மாற்றும் டிஎக்ஸ்விகேவைத் தன் சொந்த நேரத்தில் எழுத ஆரம்பித்தார். 2018 தொடக்கத்தில் வால்வ் அவரை வேலைக்கே எடுத்துக்கொண்டது. அதே வருஷம் ஆகஸ்டில், வைன், டிஎக்ஸ்விகே, இன்னும் சில துண்டுகளை ஒன்றாகக் கட்டி புரோட்டான் என்ற பெயரில் ஸ்டீமுக்குள்ளேயே வைத்தார்கள். கோட்வீவர்ஸ் நிறுவனமும் இதில் கூட்டு. 2022ல் வந்த ஸ்டீம் டெக் முழுக்க இதை நம்பித்தான் நிற்கிறது.

விவரங்களில் நிறைய சுவாரசியம் உண்டு. லினக்சில் டேட்டா என்பதைப் பெரிய எழுத்தில் ஆரம்பித்தால் ஒரு ஃபைல், சிறிய எழுத்தில் ஆரம்பித்தால் வேறு ஃபைல். விண்டோஸ் புரோகிராமர் இரண்டையும் கலந்துதான் எழுதியிருப்பார், வைன் அதையும் சமாளிக்க வேண்டும். நடுவில் வரும் வீடியோக்காட்சிகள் சில காப்புரிமை உள்ள வடிவங்களில் இருப்பதால் அந்த இடத்தில் பழைய தூர்தர்ஷன் மாதிரி வண்ணப்பட்டைகள் மட்டும் தெரியும். அந்தக் காட்சிகளை வேறு வடிவத்துக்கு மாற்றி வால்வே அனுப்பிவைக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது இது. சில புதிய கேம்கள், திருட்டுப் பிரதி எடுப்பவர்களுக்குப் பிடிபடாமல் இருக்க, டிஎல்எல்லைக் கேட்காமல் நேரடியாக விண்டோஸ் சிஸ்டம் கால் எண்ணைப் போட்டு கெர்னலைக் கூப்பிடும். கீழே இருப்பது லினக்ஸ் கெர்னல். அதே எண் அங்கே வேறு வேலை! இதற்காகவே லினக்ஸ் 5.11ல் ஒரு வசதி சேர்ந்தது: புரோகிராமின் இன்னின்ன பகுதியிலிருந்து சிஸ்டம் கால் வந்தால் நிறைவேற்றாதே, பிடித்து வைனிடம் திருப்பிக் கொடு. விண்டோஸ் கேம் ஓட லினக்ஸ் கெர்னலே கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டிருக்கிறது.

சரி, எங்கே ஓடாது? பிறரோடு இணையத்தில் போட்டியிடும் கேம்களில். ஏமாற்றுபவர்களைப் பிடிக்கும் ஆன்டி-சீட் மென்பொருள்களில் சில விண்டோஸ் கெர்னலுக்குள்ளேயே டிரைவராக உட்காரும். வேலரன்ட்டின் வேன்கார்டு கணினி பூட் ஆகும்போதே ஏறிவிடும். வைனோ வெறும் சாதாரண புரோகிராம். அஞ்சறைப்பெட்டியை அதே மாதிரி அடுக்கித் தரலாம், அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்கணும் என்று கேட்டால் காட்ட அங்கே விண்டோஸ் கெர்னல் இல்லையே. லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் பல வருஷம் வைனில் ஓடியது, 2024 மே மாதம் வேன்கார்டு சேர்ந்ததும் நின்றது. ஈசி ஆன்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் 2021லேயே புரோட்டானில் ஓட வழி செய்துவிட்டன. ஆனால் அனுமதிக்க வேண்டியது அந்தந்த கேம் நிறுவனம். ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் அனுமதித்து, ஏமாற்றுபவர்கள் லினக்சைப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லி 2024 அக்டோபரில் திரும்ப எடுத்துக்கொண்டது.

அவர்கள் வாதத்தில் அர்த்தமே இல்லை என்று சொல்லமாட்டேன். லினக்சில் கெர்னலையே நான் மாற்றிக் கம்பைல் செய்துகொள்ளலாம், அது சொல்லும் எதையும் அவர்கள் நம்ப முடியாது. ஆனால் அவர்கள் குறையாகச் சொல்கிற அந்த உரிமைக்காகத்தானே நான் லினக்ஸ் வைத்திருக்கிறேன்? ஒரு கேமுக்காக என் கணினியின் அடித்தளச் சாவியைக் கொடுக்க எனக்கு மனசில்லை. பதினான்கு வயசுப் பையனிடம் இதைச் சொன்னால் என்ன பதில் வரும் என்பதும் தெரியும்.

நண்பர் கணினிக்கு வருவோம். வாங்கி வைத்த கேம்கள் எல்லாவற்றையும் முதலில் புரோட்டான்டிபி தளத்தில் தேடினோம். ஒவ்வொரு கேமும் எப்படி ஓடுகிறது என்று ஆடியவர்களே அங்கே எழுதிவைத்திருக்கிறார்கள். தனியாக ஆடுபவை எல்லாமே ஓடின. ஒன்றுக்கு மட்டும் புரோட்டானின் பழைய பதிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. நீங்களும் செய்துபார்ப்பதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: பழைய விண்டோஸ் டிரைவில் இருக்கும் கேம் ஃபோல்டரை அப்படியே லினக்சிலிருந்து ஓட்டப் பார்க்காதீர்கள். புரோட்டான் தனக்கென்று உருவாக்கும் ஃபோல்டரில் பெயருக்குள் முக்காற்புள்ளி வரும், என்டிஎஃப்எஸ்சுக்கு அது ஆகாது. எக்ஸ்ட்4 பார்ட்டிஷனில் புதிதாக இறக்கிக்கொள்வதே நல்லது.

போகும் முன் நண்பர் பையிலிருந்து ஒரு சிடி எடுத்தார். காலேஜ் நாளில் ஆடியது. 64 பிட் விண்டோசில் 16 பிட் புரோகிராம் ஓடாது, அந்தக் காலத்து கேம்கள் பலவற்றின் செட்டப் 16 பிட். கேம் நல்லா இருந்தாலும் வாசலிலேயே நின்றுவிடும். லினக்சில் வைன் 16 பிட்டையும் ஓட்டும். செட்டப் திரை நீலமும் ஊதாவுமாக வந்ததும் மனுஷன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர், பதினோரு மணிக்குத்தான் எழுந்தார்.

பையன் நண்பர்களோடு ஆடும் ஒரு கேம் மட்டும் ஓடவில்லை. அதற்காக 100 ஜிபி விண்டோஸ் பார்ட்டிஷனை அழிக்காமல் விட்டிருக்கிறோம்.