யூரோ தாத்தாவும் 3,200 ரூபாயும்

“கடலோரமா ஒரு சின்ன ஊர்ல போய் செட்டில் ஆயிடலாம்னு பார்க்கறேன்டா” என்று அப்பா சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் தலைக்கு மேலே ஒரு விமானம். அனகாபுத்தூரில் ஏர்போர்ட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவர்களுக்கு இது பழக்கம். விமானம் வந்தால் பேச்சை நிறுத்துவோம், போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். புருஷன் பெண்டாட்டி சண்டைகூட அப்படித்தான்.

“எந்த ஊருப்பா?”

“காரைக்கால்.”

சில வாலிப வாசகர்கள் முகம் மலர்வது எனக்குத் தெரிகிறது. ஸாரி, அப்பா டீயையே சர்க்கரை போடாமல் குடிப்பவர். அவர் சொன்ன காரணம் வேறு. கூட வேலை பார்த்த நண்பர் ஒருத்தர் அங்கே இருக்கிறாராம். வாடகை கம்மி, மீன் புதுசு, சாயங்காலம் கடற்கரையில் காலாற நடக்கலாம். சொல்லாத காரணம், அடையாறு. எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு கடலுக்குப் போகிற ஆறு, 2015 டிசம்பரில் போகிற வழியில் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டுப் போனது. அன்றிலிருந்து ஐப்பசி பிறந்தால் அப்பாவுக்குத் தூக்கம் கிடையாது.

“ஆத்துக்குப் பயந்து சமுத்திரத்துக்கிட்ட போறாராம். 2004-ல சுனாமி காரைக்காலை விட்டுவெச்சுதா?” என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்தபடியே.

பி.காம். படித்ததற்கு ஒரு பிரயோஜனம் வேண்டாமா? ஒரு வெள்ளைத்தாளை நடுவில் மடித்து வரவு, செலவு எழுதினேன். அப்பா குரோம்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் 32 வருஷம் வேலை பார்த்து 2018-ல் ரிட்டயர் ஆனவர். பி.எஃப். பென்ஷன் மாசம் 3,200. பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து வந்ததில் அக்கா கல்யாணம் போக மிச்சம் எட்டு லட்சம். அதை 2023-ல் தபாலாபீஸ் சீனியர் சிட்டிசன் திட்டத்தில், 8.2 சதவிகித வட்டிக்கு மறுபடி போட்டார். மாசக் கணக்குக்கு 5,466. இந்த வீட்டை வாடகைக்கு விட்டால் ஒரு 9,000. ஆக மொத்தம் 17,666.

நண்பர் சொன்ன காரைக்கால் வீட்டு வாடகை 5,500. அது போக கையில் 12,166. இரண்டு பேர் சாப்பிட்டு, கேஸ், கரண்ட், மாத்திரை எல்லாம் பார்த்துக்கொள்ளலாம். தாளில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினோம். புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி என்று பஸ் நின்ற இடமெல்லாம் அப்பா இறங்கி டீ குடித்தார், ஏதோ கல்லூரி டூர் மாதிரி. அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்து வெகுநாள் ஆயிற்று.

வீடு நன்றாகவே இருந்தது. மாடியில் வீட்டுக்காரர். வயசு எழுபத்தெட்டு. முதுகு கொஞ்சம்கூட வளையவில்லை. சுவரில் பட்டாளத்து உடுப்பில் ஒரு வாலிபன் போட்டோ. நம்ம மிலிட்டரி உடுப்பு இல்லையே என்று பார்த்தேன். “பிரெஞ்சு ஆர்மி” என்றார். இருபது வயசில் போய், முப்பத்தொன்பதில் ரிட்டயர் ஆகி ஊர் திரும்பியவர். கிட்டத்தட்ட நாற்பது வருஷமாக பிரான்ஸ் தேசத்திலிருந்து பென்ஷன் வருகிறது. வேலை பார்த்ததைவிட இரண்டு மடங்கு காலம்!

இந்தப் பக்கத்தில் இப்படிப்பட்டவர்களை ‘சொல்தா’ என்பார்கள். பிரெஞ்சில் சிப்பாய் என்று அர்த்தம். 1954 நவம்பர் 1-ல் புதுச்சேரியும் காரைக்காலும் இந்தியா கைக்கு வந்துவிட்டாலும், சட்டப்படியான ஒப்பந்தம் அமலுக்கு வந்தது 1962 ஆகஸ்டில்தான். இங்கே பிறந்து இங்கேயே வசித்தவர்கள் ஆறு மாசத்துக்குள் எழுதிக்கொடுத்தால் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்கலாம் என்றார்கள். எழுதிக்கொடுத்த குடும்பங்களின் பையன்கள் பலர் பட்டாளத்துக்குப் போனார்கள். அந்த வாலிபர்கள்தான் இன்றைய யூரோ தாத்தாக்கள். அவர்கள் சேர்ந்த காலத்தில் யூரோ கிடையாது, ஃபிராங்க். 2025-ல் ஒரு யூரோ நூறு ரூபாயைத் தாண்டியது. அதாவது அவர் ஈஸி சேரில் படுத்துக்கொண்டிருக்கும்போதே இன்கிரிமென்ட்!

எவ்வளவு வரும் என்று நாசூக்காகக் கேட்டேன். சிரித்தார். வாடகையில் ஐந்நூறு குறையுங்களேன் என்று அப்பா கேட்டார். சிரிப்பு நின்றுவிட்டது. யூரோவில் வாங்குகிற மனுஷன், ரூபாயில் ஓர் ஐந்நூறை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார்!

ஆனால் பிறகு இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒட்டிக்கொண்டார்கள். அது, ‘உயிரோடு இருக்கிறேன்’ சான்றிதழ். இவருக்கும் வருஷா வருஷம் கொடுக்கணும், அப்பாவுக்கும் கொடுக்கணும். “கைரேகை விழலைன்னு என்னை ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டான் சார்” என்று அப்பா விரலை நீட்டிக் காட்ட, “எங்களுக்கும் பேப்பர் போகலைன்னா பணம் நின்னுடும்” என்றார் அவர். பிள்ளைகள் பாரீஸில். மூன்று பெட்ரூமில் ஒன்றைத்தான் திறக்கிறார்.

திரும்பி வரும் பஸ்ஸில் என் வெள்ளைத்தாளை மறுபடி எடுத்தேன். தப்பு எங்கே என்று இப்போது தெரிந்தது. நான் போட்டது இந்த மாசத்துக் கணக்கு. அப்பாவுக்கு வயசு அறுபத்தைந்துக்கு மேல். இன்னும் இருபது வருஷம் இருக்கணும், இருப்பார். பி.எஃப். பென்ஷனில் பஞ்சப்படி கிடையாது சார். ரிட்டயர் ஆன அன்று 3,200 என்றால் கடைசி வரைக்கும் 3,200 தான். வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுவார், மாத்திரை விலை ஏறும், இது நட்டுவைத்த கல் மாதிரி நிற்கும். அப்பாவுக்கு அப்புறம் அம்மாவுக்கு அதில் பாதி. கூட்டிப் பார்த்தேன், பஸ்ஸில் ஏ.சி. இல்லாமலே குளிர்ந்தது. அங்கே அரசுப் பொது மருத்துவமனை இருக்கிறது, வாஸ்தவம். பெரிய வைத்தியம் என்றால் புதுச்சேரி ஜிப்மர். ஏறக்குறைய 130 கிலோமீட்டர்.

ஆபீஸ் போகிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் சம்பளம் அறுபதாயிரமாக இருக்கலாம். பென்ஷன் கணக்குக்கு 2014 செப்டம்பரில் வைத்த உச்சவரம்பு 15,000. அதை வைத்து 35 வருஷம் உழைத்தால், 15,000-ஐ 35-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 7,500. அதற்கும் குறைந்தது பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். வேலை மாறும்போதெல்லாம் பி.எஃப்.போடு பென்ஷன் பணத்தையும் சேர்த்து வழித்து எடுத்துவிட்டால், அந்த சர்வீஸ் அதோடு அவுட். நான் ஆறு வருஷத்து சர்வீஸைக் கொடுத்து ஒரு பைக் வாங்கினேன். பைக்கையும் விற்றாகிவிட்டது.

அப்பாவிடம் தாளைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். எட்டு லட்சத்தைத் தொடாமல், வீட்டையும் விடாமல், தை பிறந்ததும் மூன்று மாசம் மட்டும் போய் இருந்து பார்ப்பது என்று முடிவாயிற்று. அம்மா, “மழைக்காலத்துல திரும்பி வந்து ஆத்தைப் பார்த்துக்கிட்டு உக்காருங்க” என்று சம்மதித்தாள். அந்த மூன்று மாச வாடகை 16,500 என் தலையில். இந்த மாதிரி கட்டுரைகள் சில எழுதணும்.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அப்பா கேட்டார்:

“அது சரி, நீ வேலையை விட்டுட்டு எழுதிக்கிட்டிருக்கியே. உனக்கு பென்ஷன் எவ்வளவுடா வரும்?”

நல்லவேளை, விமானம் வந்துவிட்டது.