முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை: சிறிய தழும்பு மட்டும் போதுமா?

இடுப்பில் தொடங்கிக் கெண்டைக்கால் வரை சுரீரென இறங்கும் வலி. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தால், டிஸ்க் விலகி நரம்பை அழுத்துவது தெரிகிறது. ஆபரேஷன் என்றதும் பலரும் கேட்பது, ‘திறந்து செய்வீர்களா, சாவித்துளையா?’ என்பதைத்தான்.

இரண்டிலும் வேலை ஒன்றே: நரம்பை அழுத்தும் டிஸ்க் துண்டை அகற்றுவது. உள்ளே போகும் வழிதான் வேறு.

திறந்த முறையில் முதுகின் நடுவே கீறி, தசையை எலும்பிலிருந்து பிரித்து ஒதுக்குவார்கள். டிஸ்க் விலகலுக்கு அறுவை சிகிச்சை செய்யலாம் என்று 1934-இல் அமெரிக்க மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் எழுதிய கட்டுரை இதற்குப் பாதை போட்டது. 1970-களில் மைக்ராஸ்கோப் வந்து கீறலைச் சுருக்கியது.

1990-களில் சாவித்துளை வகையில் குழாய் முறை வந்தது. மெல்லிய குழாய்மேல் சற்றுப் பெரிய குழாய், அதன்மேல் இன்னொன்று எனச் செருகச் செருக, தசை இழைகள் அறுபடாமல் விலகி வழிவிடும். சுமார் 2 செ.மீ. கீறல் போதும். எண்டோஸ்கோப் முறைக்கு அதைவிடச் சிறிய துளையே போதும்.

தசைச் சேதமும் ரத்த இழப்பும் குறைவு என்பது இம்முறைகளின் பலம். ஆனால் பார்வைப் பரப்பு குறுகியது. எக்ஸ்ரே உதவி அதிகம் தேவை. கை பழகப் பல காலம் ஆகும். முதுகுத்தண்டின் பெரிய வளைவுகளுக்கும் சிக்கலான கட்டிகளுக்கும் திறந்த முறையே பெரும்பாலும் கைகொடுக்கிறது.

நெதர்லாந்தில் 328 பேரிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், குழாய் முறை வழக்கமான மைக்ராஸ்கோப் முறையைவிட மேலான பலன் தரவில்லை. அங்கேயே 2022-இல் வெளியான இன்னோர் ஆய்வில், கால்வலியைக் குறைப்பதில் எண்டோஸ்கோப் முறை திறந்த முறைக்குச் சளைக்கவில்லை. ஆக, தழும்பின் நீளத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

டிஸ்க் விலகலால் வரும் கால்வலி பலருக்குச் சில வாரங்களில் மருந்து, பிசியோதெரபியிலேயே தணிந்துவிடும். சிறுநீர் அடைப்பு, கட்டுப்பாடின்றி மலமோ சிறுநீரோ போவது, தொடையிடுக்கு மரத்துப்போவது, பாதம் துவண்டுபோவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மற்றவர்கள் நிதானமாக மூன்று கேள்விகள் கேளுங்கள்: எனக்கு ஆபரேஷன் கட்டாயமா? இந்த முறையை என் பிரச்சினைக்கு ஏன் தேர்ந்தெடுக்கிறீர்கள்? இதில் உங்களுக்கு எவ்வளவு அனுபவம்? தெளிவான பதில் கிடைக்காவிட்டால், இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பது உங்கள் உரிமை.