சரக்குக்குப் பாலிசி உண்டு, சுமப்பவருக்கு?



நம்மில் பலர் கடைக்குத் தீக் காப்பீடு எடுத்திருக்கிறோம். லாரிக்கும் வேனுக்கும் இன்சூரன்ஸ் தவறுவதில்லை. ஆனால் கிட்டங்கியில் ஐம்பது கிலோ மூட்டையை முதுகில் ஏற்றும் சிப்பந்திக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டால், "ஏதாவது ஆனால் நாம் பார்த்துக்கொள்வோம்" என்பதே பெரும்பாலும் பதில். மனம் நல்ல மனம்தான். ஆனால் ஒரு கால் முறிவுக்கு ஆகும் செலவை இன்றைய சில்லறைக் கடையின் கல்லா தாங்காது.

கீழக்கரையில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பாத தெரு இல்லை. துபாயில் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலை கொடுப்பவர் தம் ஊழியருக்கு மருத்துவக் காப்பீடு எடுத்தாக வேண்டும். மனைவி மக்களுக்கு யார் எடுப்பது என்பதையும் நம் பிள்ளைகள் விசாரித்துக்கொண்டுதான் போகிறார்கள். அதே ஊரில் நம் கடைச் சிப்பந்தி இப்படி ஒரு உரிமை தமக்கும் உண்டு என்று அறியாமல் இருக்கிறார்.

யாருக்கு உண்டு?

இ.எஸ்.ஐ. என்று நாம் சொல்லும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கு 1948இல் சட்டம் வந்தது. 1952 பிப்ரவரி 24இல் கான்பூரிலும் டில்லியிலும் திட்டம் தொடங்கியது. இப்போது 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் கீழ் இது நடக்கிறது. மில்லுக்கும் ஆலைக்கும் மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். பத்து பேர் வேலை செய்யும் கடைக்கும் உண்டு. எண்ணும்போது கிட்டங்கி ஆட்களையும், மாலையில் மட்டும் வரும் கணக்குப்பிள்ளையையும் சேர்த்தே எண்ண வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இதில் வருவார்கள்.

எவ்வளவு கட்ட வேண்டும்?

2019 ஜூலை முதல் முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். 12,000 ரூபாய் சம்பளம் என்றால் நாம் 390 ரூபாய், அவர் 90 ரூபாய். அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். நம் பங்கை அவர் சம்பளத்தில் பிடிப்பது சட்டப்படி குற்றம்.

என்ன கிடைக்கும்?

தொழிலாளிக்கும், மனைவி மக்களுக்கும், அவரை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் மருத்துவம் கிடைக்கும். மதுரையில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. பக்கத்து மருந்தகம் எது என்பதைப் பதிவு செய்யும்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

நோயில் படுத்தால் சராசரிச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். மேலே சொன்ன சம்பளத்துக்கு நாள் ஒன்றுக்கு 280 ரூபாய். ஆனால் அதற்குரிய ஆறு மாதக் கணக்கில் 78 நாளுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். ஆளை மாதம் ஒருமுறை சேர்ப்பதும் நீக்குவதுமாக இருந்தால் இந்தக் கணக்கு நிறையாது, நஷ்டம் அவருக்கு.

வேலையில் அடிபட்டால் இந்த நாள் கணக்கு கிடையாது. சேர்ந்த முதல் நாளே மூட்டை சரிந்தாலும் உரிமை உண்டு. குணமாகும் வரை 90 சதவீதம் கிடைக்கும். உயிர் போனால் குடும்பத்துக்கு மாதாமாதம் உதவித்தொகை உண்டு. பெண் சிப்பந்திக்குப் பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம்.

நமக்கு என்ன லாபம்?

இதில் சேராத கடையில் வேலையின்போது விபத்து நடந்தால், சட்டப்படி நஷ்டஈடு முழுவதும் முதலாளி தலையில் விழும். சேர்ந்த கடையில் அந்தப் பொறுப்பைக் காப்பீட்டுக் கழகம் ஏற்கிறது. 390 ரூபாயைச் செலவுக் கணக்கில் எழுதும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் அறிக்கை அனுப்பிவிட வேண்டும்.

பத்து பேர் இல்லாத கடை?

நம் கடைகளில் பெரும்பாலானவை நான்கைந்து பேர் உள்ளவைதான். முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளரும் சம்மதித்தால் விரும்பிச் சேரப் புதிய சட்டம் இடம் தருகிறது. அது முடியாவிட்டால் வங்கிக் கணக்கு வழியாகப் பிரதமரின் விபத்துக் காப்பீடு ஆண்டுக்கு 20 ரூபாய். 18 முதல் 70 வயது வரை சேரலாம். ஆயுள் காப்பீடு ஆண்டுக்கு 436 ரூபாய். 18 முதல் 50 வயது வரை சேரலாம். இரண்டிலும் தொகை 2 லட்சம். ஒருவருக்கு இரண்டும் சேர்த்து 456 ரூபாய். பெருநாளுக்கோ தீபாவளிக்கோ கொடுக்கும் துணிமணியோடு இதையும் நாம் கட்டலாம். மே மாதக் கடைசியில் கணக்கில் பணம் இல்லாவிட்டால் காப்பு அறுந்துவிடும். அதை நாம்தான் நினைவூட்ட வேண்டும்.

"பிடிக்காமல் கையில் கொடுங்கள், முதலாளி" என்று சிப்பந்திகள் கேட்பது வழக்கம். 90 ரூபாய் போவது அவர் கண்ணுக்குத் தெரிகிறது, வருவது தெரியவில்லை. எங்கள் கடையில் சம்பளச் சீட்டில் அவர் பங்கு, எங்கள் பங்கு இரண்டையும் எழுதிக் கொடுக்கிறோம். அட்டையை வீட்டில் மனைவியிடம் காட்டி வைக்கச் சொல்கிறோம். ஆபத்து நேரத்தில் அந்த அட்டையைத் தேடப்போவது அவர்தான்.

அடுத்த சம்பள நாளுக்குள் உங்கள் கடைப் பேரேட்டை எடுத்து ஆட்களை எண்ணிப் பாருங்கள். பத்து வந்தால் பதிவு செய்யுங்கள். வராவிட்டால் வங்கிக்கு அழைத்துச் செல்லுங்கள்.