பெயரைத் தீர்மானிப்பது எடையா, எண்ணா?

உங்கள் இல்லத்தில் ஒன்பதாம் வகுப்போ பத்தாம் வகுப்போ பயிலும் பிள்ளை இருக்குமானால், அதன் வேதியியல் நூலைச் சற்று நேரம் வாங்கிப் புரட்டிப் பாருங்கள். குளோரின் என்னும் தனிமத்தின் நேரே அணு எண் 17 என்றும் அணு எடை 35.5 என்றும் அச்சிட்டிருக்கும். கூர்மையான பிள்ளையாயின், "இந்த அரை எங்கிருந்து வந்தது உம்மா? புரோட்டான் பாதியாக உடைந்து கிடக்குமா?" என்று கேட்கும். "நூலில் உள்ளதை மனனம் செய், தேர்வுக்கு அது போதும்" என்று நம்மில் பலர் அதன் வாயை அடைத்துவிடுகிறோம். அந்தக் கேள்வியோ, உலகின் பேரறிஞர்களையே ஒரு காலத்தில் திணற அடித்த கேள்வி.

முதலில் அணுவின் உள்ளே என்ன இருக்கிறதென்று காண்போம். நடுவில் மிகச் சிறிய அணுக்கரு. அதில் நேர் மின்சுமை கொண்ட புரோட்டான்களும், மின்சுமையே இல்லாத நியூட்ரான்களும் நெருங்கிக் கிடக்கின்றன. எதிர் மின்சுமை கொண்ட எலக்ட்ரான்கள் அக்கருவைச் சூழ்ந்துள்ளன. புரோட்டானும் நியூட்ரானும் ஏறத்தாழச் சம எடை உடையவை. எலக்ட்ரானோ மிக மெலிந்தது; ஒரு புரோட்டானுக்கு ஈடு செய்ய ஏறக்குறைய 1,836 எலக்ட்ரான்கள் வேண்டும். எனவே அணுவின் எடை முழுவதும் கருவிலேயே அடங்கியிருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கையே அணு எண். புரோட்டான்களையும் நியூட்ரான்களையும் சேர்த்துக் கூட்டி வருவது நிறை எண். இவ்விரண்டும் முழு எண்களே. இவற்றில் அரைக்கும் காலுக்கும் இடமில்லை.

அப்படியாயின் 35.5 எப்படி வந்தது? எல்லாக் குளோரின் அணுக்களிலும் புரோட்டான்கள் பதினேழுதாம். ஆனால் சிலவற்றில் 18 நியூட்ரான்களும், சிலவற்றில் 20 நியூட்ரான்களும் உள்ளன. முன்னதன் நிறை எண் 35. பின்னதன் நிறை எண் 37. இத்தகைய உடன்பிறப்புகளையே ஐசோடோப்புகள் என்கிறோம். இயற்கையில் நான்கு குளோரின் அணுக்களை எடுத்தால் ஏறத்தாழ மூன்று முதல் வகையாகவும் ஒன்று இரண்டாம் வகையாகவும் இருக்கும். ஒரு தெருவில் மூன்று வீடுகளில் மும்மூன்று பிள்ளைகளும் நான்காம் வீட்டில் ஐந்து பிள்ளைகளும் இருந்தால், வீட்டுக்குச் சராசரி மூன்றரைப் பிள்ளை என்று கணக்கு வரும். அதற்காக எந்த வீட்டிலும் அரைப்பிள்ளை இருப்பதில்லை அல்லவா? 35.5 என்பதும் அத்தகைய சராசரியே. இன்னும் நுட்பமாகச் சொன்னால் 35.45.

இவ்வளவும் இன்று எளிதாகத் தோன்றுகிறது. 1869ஆம் ஆண்டு ருஷ்ய அறிஞர் மெண்டலீவ் தனிமங்களை வரிசைப்படுத்த முனைந்தபோது புரோட்டானும் தெரியாது, நியூட்ரானும் தெரியாது. அவர் கையில் இருந்தது எடை ஒன்றுதான். எடை ஏற ஏற அடுக்கிக்கொண்டு போனபோது ஓரிடத்தில் சிக்கல் எழுந்தது. டெல்லூரியம் அயோடினைவிடக் கனமானது. எடைப்படி பார்த்தால் அயோடின் முன்னும் டெல்லூரியம் பின்னும் வரவேண்டும். குணத்தாலோ அயோடின், குளோரினுக்கும் புரோமினுக்கும் உறவு. மெண்டலீவ் குணத்தை நம்பி டெல்லூரியத்தை முன்னே வைத்தார். அதன் எடையை அளந்தவர்கள்தாம் தவறிவிட்டனர் என்று கருதினார். அளவு தவறவில்லை. வரிசையும் தவறவில்லை. தனிமத்தை இனங்காட்டுவது எடைதான் என்ற எண்ணமே தவறு.

அதை மெய்ப்பித்தவர் ஹென்றி மோஸ்லி என்னும் ஆங்கிலேய இளைஞர். மான்செஸ்டரில் ரதர்போர்டு என்னும் பேராசிரியரிடம் பணியாற்றியவர். 1913, 1914ஆம் ஆண்டுகளில் ஒவ்வொரு தனிமத்தையும் எக்ஸ் கதிர்களை வெளியிடச் செய்து, அக்கதிர்களின் அதிர்வெண்ணை அளந்தார். ஒரு தனிமத்திலிருந்து அடுத்ததற்குச் செல்லும்போது, அதிர்வெண்ணின் வர்க்கமூலம் படிக்கட்டில் ஏறுவதுபோல் சமமான படிகளில் ஏறிற்று. அணுக்கருவின் மின்சுமையே ஒவ்வொன்றாகக் கூடுகிறது என்பது அதனால் புலனாயிற்று. அணு எண் அதுவரை வெறும் வரிசை எண். அன்றுமுதல் அது அளந்தறியத்தக்க உண்மையாயிற்று. கோபால்ட் 27, நிக்கல் 28 என்று இடம் உறுதியாயிற்று. எடையில் கோபால்ட்டே சற்றுக் கூடுதல் என்றாலும். டெல்லூரியம் 52, அயோடின் 53 என்னும் வரிசையும் இவ்வாறே நிலைபெற்றது. 43, 61, 75 ஆகிய படிகள் காலியாக இருப்பதையும் மோஸ்லி சுட்டினார். அவை மூன்றும் பிற்காலத்தில் நிரம்பின. இறுதியாக 61, 1945இல் கிட்டியது.

அதைக் காண அவர் இல்லை. முதல் உலகப்போர் மூண்டதும் படையில் சேர்ந்தார். கலிப்பொலி போரை உஸ்மானியப் படையினர் தம் மண்ணைக் காத்த தீரத்துக்காகவே நம்மில் பலர் படித்திருப்போம். அப்போரின் எதிரணியில், 1915 ஆகஸ்ட் 10ஆம் நாள், குண்டு பாய்ந்து வீழ்ந்தவர்களுள் மோஸ்லியும் ஒருவர். வயது 27. ஆய்வுக்கூடத்தில் இருக்கவேண்டியவரைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டார்களே என்று ரதர்போர்டு மனம் நொந்து எழுதினார். அணுக்கருவில் நியூட்ரான் உண்டென்று சாட்விக் 1932இல் கண்டறிந்த பின்பே, எடைக்கும் எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டின் காரணம் முழுமையாக விளங்கிற்று.

இதனால் நமக்கென்ன என்று கேட்பீர்களாயின், உங்கள் அடுக்களையிலேயே விடை இருக்கிறது. ஆணத்தில் போடும் அயோடின் கலந்த உப்பு, முன்கழுத்துக் கழலை வராமற் காப்பதற்காகவே. அந்த அயோடினில் 53 புரோட்டான்கள், 74 நியூட்ரான்கள்; நிறை எண் 127. இயற்கையில் கிடைக்கும் அயோடின் இவ்வொரு வகையே. அணு உலையில் உண்டாகும் அயோடின் 131இல் நியூட்ரான்கள் 78. வேதி வினைகளில் ஈடுபடுவன எலக்ட்ரான்களே. அவற்றின் எண்ணிக்கை புரோட்டான்களின் எண்ணிக்கையை ஒட்டியது. ஆகவே கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி இவ்விரண்டையும் பிரித்தறியாது. எது வந்தாலும் ஈர்த்து வைத்துக்கொள்ளும்.

அயோடின் 131 கதிர்வீச்சு உடையது. ஏறத்தாழ எட்டு நாளில் பாதியாகும். அதன் கருவில் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி, ஓர் எலக்ட்ரானை வெளியே எறிந்துவிடும். நிறை எண் அதே 131. ஆனால் புரோட்டான் 54 ஆகிவிட்டபடியால் அது அயோடின் அன்று, செனான் என்னும் வாயு. இந்தக் கதிர்வீச்சைக் கொண்டே மருத்துவர்கள் தைராய்டு புற்றுநோய்க்குச் சிகிச்சை அளிக்கின்றனர். அதே பொருள் 1986 ஏப்ரல் 26இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது காற்றில் பரவி, புல்லில் படிந்து, பசுவின் பாலில் கலந்தது. அப்பாலைக் குடித்த பிள்ளைகளிடையே பின்னாளில் தைராய்டு புற்றுநோய் பெருகிற்று. அண்டை நாடான போலந்து, செய்தி தெரிந்த சில நாட்களுக்குள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சாதாரண அயோடின் மருந்தைப் புகட்டியது. சுரப்பி முன்கூட்டியே 127ஆல் நிரம்பிவிட்டால், பின்னால் வரும் 131க்கு அங்கே இடமிராது.