தையற்பொறிக்கு ஏற்ற மேசை

தையற்பொறி வாங்கச் செல்வோர் அதன் விலையை வினவுவர். அஃது எத்தனை வகைத் தையல் தைக்கும் என்று கேட்டறிவர். சக்கரத்தைச் சுழற்றி ஓசையைச் செவிமடுப்பர். அப்பொறி எந்த மேசையின்மேல் அமரப்போகிறது என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. வீட்டில் உள்ள ஏதேனும் ஒரு மேசை போதும் என்பதே பலருடைய கருத்து. சட்டையோ இரவிக்கையோ தைக்கும் அளவில் அக்கருத்தினால் பெருங்கேடு விளைவதில்லை. பஞ்சு வைத்த பெரும்போர்வையைத் தைக்க முற்படும்போதுதான் அதன் பிழை புலனாகும்.

தையற்பொறியின் வரலாற்றிலேயே மேசைக்குத் தனியிடம் உண்டு. 1846ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய எலியாஸ் ஹோவ் என்பவர் காப்புரிமை பெற்ற பொறியில் துணி படுத்த நிலையில் இருக்கவில்லை. முட்கள் பதித்த தகடு ஒன்றில் அது செங்குத்தாக மாட்டப்பட்டிருந்தது. வளைந்த ஊசி பக்கவாட்டில் வந்து அதனைத் தைத்தது. தகட்டின் நீளம் முடிந்தவுடன் துணியைக் கழற்றி மீண்டும் மாட்டவேண்டும். 1851ஆம் ஆண்டில் ஐசக் சிங்கர் என்பவர் காப்புரிமை பெற்ற பொறியிலோ, நேரான ஊசி மேலிருந்து கீழிறங்கியது. துணி அதன்கீழே மட்டமான பலகைமேல் கிடந்து நகர்ந்தது. துணியைத் தாங்கும் அப்பலகையும் அப்பொறியின் ஓர் உறுப்பேயாகும். சிங்கரின் தொடக்ககாலப் பொறிகள் மரப்பெட்டியில் வைத்து அனுப்பப்பட்டன. அப்பெட்டியே பின்னர்ப் பொறியைத் தாங்கும் மேசையாகவும் பயன்பட்டது. மேசையில்லாத பொறி நிறைவுடையதன்று என்பதனை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தனர் போலும்!

ஊசியின் அடியில் துணியை நகர்த்துவன சிறு பற்களாகும். அவை மேலெழுந்து துணியைப் பற்றும், ஒரு தையலின் அளவு தள்ளும், கீழே இறங்கும், மீண்டும் பழைய இடத்திற்கு வந்து சேரும். நான்கு அசைவுகளையுடைய இவ்வமைப்பிற்கு ஆலன் வில்சன் என்பவர் 1854ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். இப்பற்கள் ஒருமுறை தள்ளும் தொலைவு மிகச் சிறிது. அங்குலத்திற்கு 8 முதல் 10 தையல் விழவேண்டுமானால், ஒரு தள்ளலில் துணி ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டரே நகரும்.

இனிப் போர்வையை நோக்குக. மேலே ஒரு துணி, நடுவே பஞ்சு, அடியில் மற்றொரு துணி; இம்மூன்றும் பிரியாதவாறு குறுக்கும் நெடுக்கும் தைப்பதே இத்தொழில். வங்கநாட்டு மகளிர் பழம்புடவைகளை அடுக்கிக் கையூசியால் தைக்கும் காந்தாவும், செயப்பூரில் மெல்லிய பஞ்சு வைத்துத் தைக்கும் இரசாயும் இவ்வகையினவே. இருவர் படுக்கும் கட்டிலுக்குரிய போர்வை 90 அங்குல அகலமும் 100 அங்குல நீளமும் உடையதாகலாம். இத்தகைய சுமையின் பெரும்பகுதி மேசையின் விளிம்பிலிருந்து தரையை நோக்கித் தொங்குமாயின், பற்கள் முன்னே தள்ள, தொங்கும் சுமை பின்னே இழுக்கும். விளைவு யாது? தையல் ஓரிடத்தில் நெருங்கும், ஓரிடத்தில் நீளும். இழுப்பு மிகுந்தால் ஊசி வளைந்து உலோகத் தகட்டில் மோதி முறியும். பொறி பழுதுபட்டது என்று கருதித் திருத்துவோரிடம் எடுத்துச் செல்வர். குற்றம் பொறியினுடையதன்று.

நீலகிரி மலையில் போர்வை தைத்து விற்றுக் குடும்பம் நடத்தும் பெண்மணி ஒருவர், கடன் பெற்றுப் புதிய மின்பொறி ஒன்றை வாங்கினார் எனக் கொள்க. பழைய பொறியில் ஊசிக்கும் தூணுக்கும் இடையே 7 அங்குல இடமே இருந்தது. போர்வையின் நடுப்பகுதியைத் தைக்கும்போது அதன் பாதியை, அதாவது 45 அங்குலத் துணியைச் சுருட்டி அவ்விடைவெளியில் நுழைக்கவேண்டும். புதிய பொறியில் அவ்விடம் 11 அங்குலம். ஆயினும் எழுதும் மேசைமேல் அதனை வைத்துத் தைத்தபோது தையல் முன்போலவே ஒழுங்கற்று விழுந்தது; தோளும் கடுத்தது. வாங்குவோர் போர்வையைத் திருப்பியனுப்பினால் கடனை அடைப்பது எவ்வாறு? அவர் தச்சரை அழைத்தார்.

"ஆசாரியாரே, இந்தப் பொறியை அளந்துகொள்ளுங்கள்" என்றார்.

"பொறியைப் பிறகு அளக்கலாம், அம்மா. முதலில் தாங்கள் நாற்காலியில் அமருங்கள்" என்றார் தச்சர்.

அவர் செய்தது முற்றிலும் சரியே. எழுதும் மேசையின் உயரம் 30 அங்குலம்; பொறியின் அடிப்பகுதி 4 அங்குலம். ஆகவே அப்பெண்மணி 34 அங்குல உயரத்தில் கைகளைத் தூக்கி வைத்துக்கொண்டே தைத்துவந்தார். மடக்கிய அவருடைய முழங்கையோ தரையிலிருந்து 27 அங்குல உயரத்திலேயே இருந்தது. பொறியை மேசைக்குள் அமிழ்த்தி, அதன் முகமும் மேற்பலகையும் ஒரே மட்டமாக அமையச் செய்தால் துணியும் தொங்காது, தோளும் வருந்தாது. ஆயினும் அங்கே ஒரு சிக்கல் உண்டு. அமிழ்ந்த பொறியைத் தாங்க அடியில் ஒரு தட்டு வேண்டும். பொறிக்கு 4 அங்குலமும் தட்டுக்கு முக்கால் அங்குலமும் கழித்தால், 27 அங்குல மேசையின்கீழ் எஞ்சுவது இருபத்திரண்டேகால் அங்குலம். அமர்ந்த நிலையில் அப்பெண்மணியின் தொடை 22 அங்குல உயரத்தில் இருந்தது. கால் அங்குல இடைவெளியில் கால்களை அசைப்பது எங்ஙனம்? ஆதலின் தச்சர் மேசையை 28 அங்குலமாக உயர்த்தினார். முழங்கைக்கு ஓர் அங்குலம் மிகுதி. ஆனால் கால்கள் இடறாமல் இயங்கும். அளவு என்பது பல வேளைகளில் இத்தகைய உடன்பாடேயாகும்.

மேற்பலகைக்கு முக்கால் அங்குல ஒட்டுப்பலகை தெரிந்தெடுக்கப்பட்டது. தனிப்பலகை மழைக்காலத்தில் ஈரத்தை உண்டு குறுக்குவாட்டில் உப்பும், கோடையில் சுருங்கும். ஒட்டுப்பலகையிலோ மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இழையோட்டம் மாறிமாறி ஒட்டப்பட்டிருத்தலின், ஒன்று உப்ப முயன்றால் மற்றொன்று தடுக்கும். மூடுபனி சூழும் மலையூரில் இப்பண்பு இன்றியமையாதது.

பொறிக்கு இடம் வெட்டுவதே இவ்வேலையில் அச்சந்தரும் பகுதி. பலகையில் ஒருமுறை மிகுதியாக வெட்டியதை மீண்டும் ஒட்டவியலாது. தச்சர் பொறியின் அடிவடிவத்தைக் கெட்டி அட்டையில் வரைந்து வெட்டினார். அவ்வட்டையைக் கழிவுப்பலகை ஒன்றில் வைத்து முதலில் ஒரு துளை வெட்டி, பொறியை இறக்கிப் பார்த்தார். மூலை ஒன்றில் இடித்தது; அட்டையைத் திருத்தினார். தச்சர் வழக்கில் அங்குலத்தில் எட்டிலொரு பங்கு 'ஒரு நூல்' எனப்படும். பொறியைச் சுற்றி அரை நூல் இடைவெளி விட்டார். அதற்குமேல் விட்டால் போர்வையின் ஓரம் அதில் சிக்கும்; அதற்குக் குறைந்தால் பொறியின் அதிர்ச்சி பலகைக்குப் பரவும். வலப்புறத்தில் கைச்சக்கரத்திற்கும் மின்கம்பிக்கும் தனியே இடம் ஒதுக்கினார். அப்பொறியின் பாபின் முன்புறமாகச் செருகப்படுவது. எனவே அவ்விடத்தில் எளிதில் கழற்றக்கூடிய சிறு பலகையொன்றை அமைத்தார். இதனை மறந்துவிடும் தச்சர்களும் உண்டு. நூல் தீருந்தோறும் பொறியைத் தூக்க நேர்ந்தால் எந்த மேசையும் தொல்லையே.

அடித்தட்டு நான்கு மரையாணிகளில் தொங்கவிடப்பட்டது. மரைகளைத் திருகினால் தட்டு மயிரிழையளவும் ஏறியிறங்கும். பொறியின் முகத்திலும் பலகையிலும் சேர்த்து ஒரு மட்டப்பலகையை வைத்து, இரண்டிலும் ஒருங்கே படியும்வரை அவர் திருகினார்.

கால்கள் தேக்குமரத்தாலானவை. பின்புறத்திலும் பக்கங்களிலும் குறுக்குச்சட்டங்கள் பொருத்தப்பட்டன. ஒரு நிமிடத்தில் நூற்றுக்கணக்கான முறை ஊசி ஏறியிறங்கும்போது, சட்டமில்லாத மேசை மெல்ல ஆடத் தொடங்கும். ஆடும் மேசைமேல் நேர்த்தையல் விழாது. ஊசிக்கு இடப்புறம் 30 அங்குலமும் பின்புறம் 20 அங்குலமும் பலகை நீட்டப்பட்டது. மேலே வழவழப்பான மைக்காத் தகடு ஒட்டி, விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து உருட்டினார்.

மேசையை அறையின் மூலையில் போடுமாறு அவர் கூறிச்சென்றார். இடப்புறமும் பின்புறமும் சுவரைத் தொட்டு நின்றால், பரப்பிய போர்வை அப்பக்கங்களில் கீழே விழ வழியில்லை அன்றோ! முதற்போர்வையைத் தைத்து முடித்த அப்பெண்மணி அங்குலக்கோலை வைத்துத் தையல்களை எண்ணினார். ஓரத்தில் 9, நடுவிலும் 9. வெட்டியெடுத்த பலகைத்துண்டை அவர் எறியவில்லை. பொறியை எடுத்துவிட்டு அடித்தட்டை மேலே திருகி, அத்துண்டை அவ்விடத்தில் பொருத்தினால், துணி வெட்டுவதற்கும் அம்மேசையே பயன்பட்டது.