பட்டறையில் பாதி விமானம், வீட்டில் உடல் தேறும் மனைவி!

உளுந்தில் மஞ்சள் தேமல், தென்னையில் வண்டு, கறவை மாடு சினை பிடிக்கவில்லை... நம் கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். சென்ற மாதம் வந்த ஒரு கடிதம் வேறு மாதிரி. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். சுருக்கம் இதுதான்:

'எனக்கு 4 ஏக்கர் தோட்டம் இருக்கிறது. ரோட்டோரம் டிராக்டர் பழுது பார்க்கும் பட்டறையும் வைத்திருக்கிறேன். மூன்று வருடமாகப் பட்டறையின் பின்பக்கத்தில், இரண்டு பேர் உட்காரும் சிறிய விமானம் ஒன்றைச் செய்து வருகிறேன். இறக்கை வேலை முடிந்துவிட்டது. போன வருடம் என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆபரேஷன், கீமோ, கரண்ட் எல்லாம் முடிந்து இப்போது மாத்திரை சாப்பிடுகிறாள். பழையபடி வேலை செய்ய முடியவில்லை, கை கனக்கிறது என்கிறாள். சாமான்களை விற்றுவிட்டு அவளைக் கவனி என்கிறார்கள் சொந்தக்காரர்கள். விற்கக் கூடாது என்கிறாள் அவள். நான் என்ன செய்யட்டும்? செய்து முடித்தால் பறக்க விடுவார்களா? அவள் எப்போது பால் கறக்கலாம்?'

வேளாண் அலுவலரிடம் விமானத்தைப் பற்றிக் கேட்கிறாரே என்று சிரிக்க வேண்டாம். விமானத்துக்குப் பதில் கோழிப்பண்ணை என்றோ, கட்டி முடியாத வீடு என்றோ வைத்துக்கொண்டால் இது பல வீடுகளின் கேள்வி. வீட்டில் ஒருவர் படுத்து எழும்போது, இன்னொருவர் ஆசையாகத் தொடங்கிய வேலையை என்ன செய்வது என்பதுதான் விஷயம்.

விவசாயிக்கு விமானம் புதிதல்ல

நம் டிராக்டருக்குப் பின்னால் கலப்பையை மாட்டும் 'மூன்று புள்ளி இணைப்பு' எல்லோருக்கும் தெரியும். அதை வடிவமைத்த ஹாரி பெர்குசன், அயர்லாந்தில் ஒரு விவசாயியின் மகன். மாஸ்ஸி பெர்குசன் டிராக்டரின் பெயரில் இருப்பவர் அவர்தான். அண்ணனின் மோட்டார் பட்டறையில் வேலை பார்த்தபடியே சொந்தமாக ஒரு விமானம் செய்து, 1909 டிசம்பர் 31 அன்று ஹில்ஸ்பரோவில் பறந்தார். அயர்லாந்தில் விமானத்தில் பறந்த முதல் ஆள் அவரே. கலப்பை பக்கம் அவர் கவனம் திரும்பியது அதற்குப் பிறகுதான். அதே காலத்தில் நியூசிலாந்தில் ரிச்சர்ட் பியர்ஸ் என்ற விவசாயி மூங்கிலையும் துணியையும் வைத்து விமானம் செய்தார். இன்ஜினும் அவர் கையால் செய்ததே.

இன்று இந்த வேலை அதிகம் நடப்பது அமெரிக்காவில். சொந்தமாக விமானம் செய்பவர்களுக்காக பால் பொபெரெஸ்னி என்பவர் 1953-ல் மில்வாக்கி நகரில் ஒரு சங்கம் தொடங்கினார். அவருடைய வீட்டின் அடித்தளமே முதல் அலுவலகம். மனைவி ஆட்ரி சங்கத்தின் எழுத்து வேலைகளைப் பார்த்துக்கொண்டார். ஓஷ்காஷ் என்ற ஊரில் ஆண்டுதோறும் அந்தச் சங்கம் நடத்தும் விழாவுக்கு, தாங்களே செய்த விமானங்களில் பறந்து வந்து இறங்குகிறார்கள். அந்த நாட்டுச் சட்டப்படி, வேலையின் பெரும்பகுதியைச் சொந்தக் கையால் செய்திருந்தால் அது 'சோதனை வகை' விமானமாகப் பதிவாகும். பிறகு, குறிப்பிட்ட எல்லைக்குள் பல மணி நேரம் சோதனையாகப் பறந்து காட்டிய பின்னரே ஆட்களை ஏற்ற முடியும்.

இரண்டு பேர் உட்காரும் அலுமினிய விமானத்துக்கு 1,500 முதல் 2,000 மணி நேர உழைப்பு ஆகும் என்பது பொதுவான கணக்கு. தினம் இரண்டு மணி நேரம் என்றால் 750 முதல் 1,000 நாட்கள். குடும்பமும் பிழைப்பும் உள்ளவர்களுக்கு ஐந்து, பத்து வருடங்களும் ஆகின்றன. நடுவில் ஒரு வருடம் துணி போட்டு மூடி வைத்துவிட்டுத் திரும்ப எடுப்பது அங்கே சாதாரணம். அலுமினியத்தை ஈரம் படாமல் வைத்தால் காத்திருக்கும். ஆகவே 'உடனே விற்று விடு' என்ற பேச்சுக்கு அவசரம் இல்லை. விற்க வேண்டியது சிகிச்சைக்குப் பணம் இல்லாதபோதுதான். அப்போது யோசிக்கவே வேண்டாம்.

முதலில் அம்மாவின் கை

மார்பக அறுவை சிகிச்சையின்போது அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுப்பது வழக்கம். நாம் நெறி கட்டியிருக்கிறது என்கிறோமே, அந்த இடம்தான். அவற்றை எடுத்ததாலும் கதிர்வீச்சாலும் அந்தப் பக்கக் கையில் நிணநீர் வடிவது குறையலாம். கை கனப்பது, வளையல் இறுக்குவது, விரல் மோதிரம் கழலாமல் போவது ஆகியவை வீக்கத்தின் ஆரம்ப அடையாளங்கள். தொடக்கத்திலேயே காட்டினால் கட்டுப்போடுதல், அழுத்த உறை, பயிற்சி என்று கட்டுக்குள் வைக்க வழி உண்டு. விட்டுவிட்டால் நிரந்தர வீக்கமாகிவிடலாம். எனவே அன்பரே, 'கை கனக்கிறது' என்று உங்கள் மனைவி சொன்னதை அசதி என்று தள்ளாமல், இந்த வாரமே சிகிச்சை பெற்ற மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். பால் கறப்பது பற்றிய கேள்வியை அங்கே உள்ள பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள்.

தோட்ட வேலையில் அந்தக் கைக்கு வரும் ஆபத்துகள் ஆஸ்பத்திரியில் இருப்பவர்களுக்கு முழுதாகத் தெரியாது. நமக்குத் தெரியும்:

• மாட்டுக் கயிற்றை அந்தக் கையில் சுற்றிப் பிடிக்கக் கூடாது. மாடு ஒரு இழு இழுத்தால் தோள்பட்டைக்கே கேடு.

• தண்ணீர்க் குடம், தீவனக் கட்டு, பால் கேன் எதையும் அந்தப் பக்கம் தூக்க வேண்டாம்.

• களை எடுக்கும்போதும் முள் வெட்டும்போதும் கையுறை அவசியம். அரிவாள் கீறல், முள் குத்து, பூச்சிக்கடி, அடுப்புச் சூடு எதுவானாலும் உடனே சோப்புப் போட்டுக் கழுவி மருந்து போட வேண்டும்.

• கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

• ஊசி போடுவதையும் ரத்த அழுத்தம் பார்ப்பதையும் முடிந்தவரை மறு கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அதற்காகக் கையை அசைக்காமல் வைத்திருப்பதும் தவறு. சுவரில் விரலால் ஏறுவது போன்ற பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். தினமும் செய்ய வேண்டும். அசதி சிகிச்சை முடிந்த பிறகும் பல மாதங்கள் இருக்கும். அது சோம்பல் இல்லை. காலையும் மாலையும் வரப்பில் கொஞ்சம் நடந்தால் அசதி குறையும். ஹார்மோன் மாத்திரை ஐந்து வருடமோ அதற்கு மேலோ போகும். 'நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று நிறுத்திவிடக் கூடாது.

என் மனைவிக்கும் இதே சிகிச்சை நடந்தது. வீட்டில் எந்த வேலையைத் தொட்டாலும் நானும் பிள்ளைகளும் ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு நாள், 'ஏங்க, பாரத்தை மட்டும் எடுத்துக்குங்க. வேலையை எடுத்துக்காதீங்க' என்றார். விதை பொறுக்குவது, கணக்கு எழுதுவது, நாற்றங்காலுக்குப் பூவாளியில் தண்ணீர் விடுவது எல்லாம் அன்றிலிருந்து அவர் பொறுப்பு. உங்கள் மனைவி 'விற்காதே' என்று சொல்வதையும் இப்படித்தான் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். தன் நோயால் வீட்டில் எல்லாமே நின்றுபோனது என்ற பாரத்தை அவர் சுமக்க விரும்பவில்லை.

விமானக்காரர்களின் நான்கு பழக்கம்

சொந்தமாக விமானம் செய்பவர்களிடம் சில நல்ல பழக்கங்கள் உண்டு. இவருக்கு அவை பழக்கமானவையே. அவற்றை வீட்டுக்குள்ளும் கொண்டுவரலாம்.

1. நோட்டுப் புத்தகம். எந்தத் தேதியில் எந்தப் பாகம், எத்தனை மணி நேரம் என்று எழுதி, படமும் எடுத்து வைப்பார்கள். அதேபோல் மனைவிக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். மாத்திரை, தூக்கம், எடை, இரண்டு கைகளின் சுற்றளவு. மணிக்கட்டிலிருந்து ஒரே தூரத்தில் குறி வைத்து, வாரம் ஒரு முறை டேப்பால் அளந்தால் வீக்கம் கண்ணுக்குத் தெரியும் முன்பே எண்ணில் தெரியும். மருத்துவரிடம் போகும்போது நோட்டும் போகட்டும்.

2. நட்டில் வண்ணக்கோடு. சரியான அளவுக்கு முறுக்கிய நட்டின் மீது ஒரு வண்ணக்கோடு போடுவார்கள். கோடு விலகியிருந்தால் நட்டு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். மாத்திரை சாப்பிட்டதும் காலண்டரில் ஒரு கோடு. 'சாப்பிட்டியா' என்று பத்து முறை கேட்டு எரிச்சல் மூட்ட வேண்டியதில்லை.

3. இரண்டாவது ஆளின் கண். அனுபவமுள்ள ஒருவரை அழைத்து வேலையைக் காட்டாமல் இறக்கையை மூட மாட்டார்கள். மருத்துவரிடம் போகும்போது மகளோ மைத்துனியோ கூட வரட்டும். நீங்கள் கேட்க மறந்ததை அவர்கள் கேட்பார்கள்.

4. எடைக் கணக்கு. எந்தச் சாமானைச் சேர்த்தாலும் மொத்த எடை என்ன ஆகிறது என்று பார்ப்பார்கள். உங்கள் மனைவி ஒரு வாரத்தில் செய்துவந்த வேலைகளையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். பால், ஆடு, களை, சமையல், காய் பறிப்பு... பட்டியல் நீண்டுகொண்டே போகும். எதை நீங்கள் எடுக்கிறீர்கள், எதற்குக் கூலி ஆள், எதை ஒரு பருவத்துக்கு நிறுத்துவது என்று முடிவு செய்யுங்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்க வேண்டிய வெண்டைக்குப் பதில் ஒரு பருவம் மக்காச்சோளமோ உளுந்தோ போடலாம். வருமானம் குறைந்தாலும் கை ஓயும்.

இந்தக் கணக்கெல்லாம் முடிந்து நாளில் ஒரு மணி நேரம் மிஞ்சினால் அது விமானத்துக்கு. மிஞ்சாவிட்டால் துணி போட்டு மூடுங்கள். கடன் வாங்கி மட்டும் சாமான் வாங்காதீர்கள்.

பட்டறையில் கவனம்

விமான அலுமினியத்துக்குத் துரு தடுக்கப் பூசும் குரோமேட் பிரைமரில் உள்ள ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. கண்ணாடி இழைத் தூள், எபாக்ஸி, தின்னர் ஆவி எல்லாம் மூச்சுக்குக் கெடுதி. ஸ்பிரே செய்யும்போது உங்களுக்குத் தகுந்த முகமூடி வேண்டும். வீட்டுக்குள் வரும்முன் துணி மாற்ற வேண்டும். அந்தத் துணியை மனைவி துவைக்கக் கூடாது. வயலில் பூச்சிமருந்து அடித்த துணிக்கும் இதே விதிதான். குரோமேட் இல்லாத பிரைமர்களும் கிடைக்கின்றன. இன்ஜினைத் தரையில் ஓட்டிப் பார்க்கும்போது, சுற்றும் புரொபல்லர் கண்ணுக்குத் தெரியாது என்பதை மறக்க வேண்டாம். பிள்ளைகளும் ஆடு மாடும் அந்தப் பக்கமே வரக் கூடாது.

பறக்க விடுவார்களா?

அனுமதி இல்லாமல் பறக்கவே கூடாது. தரையிலிருந்து பத்தடி எழும்பிப் பார்ப்பதும் பறப்பதுதான். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் பதிவும் அனுமதியும் வேண்டும். ஓட்டுபவருக்கு முறையான பயிற்சியும் உரிமமும் வேண்டும். மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி, குடியிருக்கும் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரும் விமானம் செய்தார். 2016-ல் அதைக் கண்காட்சியில் நாடே பார்த்தது. பதிவு கிடைத்தது 2017-ல். பறக்க அனுமதி கிடைத்தது 2019-ல். விமானம் ஓட்டுவதே தொழிலாக இருந்தவருக்கே இத்தனை காலம். எனவே வேலையை மேலும் தொடரும் முன்பே இயக்குநரகத்துக்கு எழுதிக் கேளுங்கள். உங்கள் நோட்டுப் புத்தகமும் படங்களும் அங்கேயும் உதவும். உங்கள் மனைவிக்கு அடுத்த ஐந்து வருடம் மருத்துவமனைக்குத் துணையாக வர ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள்தான்.

இதே பொருளில் வந்த மற்ற கேள்விகள்

*கீமோ நடக்கும்போது என் வீட்டுக்காரர் தோட்ட வேலை செய்யலாமா?*

நடப்பது, மேற்பார்வை பார்ப்பது நல்லது. சாணம், மட்கு உரம், பூஞ்சை பிடித்த வைக்கோல், கோழி எச்சம் ஆகியவற்றைத் தொட வேண்டாம். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். காய்ச்சாத பாலும் வேண்டாம். காய்ச்சல் 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால் இரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். பூச்சிமருந்து அடிக்கும் நாளில் அவர் தோட்டத்துப் பக்கமே இருக்க வேண்டாம்.

*சிகிச்சைச் செலவுக்கு அரசு உதவி உண்டா?*

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் சேரலாம். குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போங்கள். வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவது 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். விவரத்துக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

*ஆபரேஷன் ஆன கையால் பால் கறக்கப் பழகுவது எப்படி?*

மருத்துவர் சரி என்ற பிறகு, சாதுவான மாட்டில், ஒரு வேளை மட்டும், சில நிமிடங்கள். மீதியை வேறு ஒருவர் கறக்கட்டும். மறுநாள் கையை அளந்து பாருங்கள். அளவு கூடவில்லை என்றால் மெல்ல நேரத்தைக் கூட்டலாம். கூடினால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். மாடுகள் அதிகம் என்றால் கறவை இயந்திரம் வாங்குவது பற்றியும் யோசிக்கலாம். மானியம் இருக்கிறதா என்று கால்நடை மருத்துவமனையில் கேளுங்கள்.